ஃபங்க் இசையை முதல் அடியிலிருந்து பிடிப்பது எப்படி

என்னிடம் பேஸ் கிட்டார் கற்க வரும் பையன்கள் முதல் நாளே கேட்பது, "அண்ணே, ஸ்லாப் சொல்லிக் குடுங்க." கட்டைவிரலால் தந்தியை அடித்து, ஆள்காட்டி விரலால் சுண்டி இழுக்கும் அந்த வித்தையை போனில் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். மூன்று வாரம் போகட்டும் என்று சொல்லிவிடுவேன். பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் குவயரில் தொடங்கி, அப்புறம் பதினெட்டு வருடம் லைட் மியூசிக் ட்ரூப்பில் வாசித்தவன் நான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்ட இசையான ஃபங்க் எனக்குப் பிடிபட்டது மிகத் தாமதமாகத்தான். நானும் விரலில் இருந்து தொடங்கியதுதான் காரணம். இது காலில் இருந்து தொடங்க வேண்டிய இசை.

சரி, கிட்டாரை ஓரமாக வையுங்கள். சீராக டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 92 அடியில் ஓடவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் 'த க தி மி' சொல்லுங்கள். நான்கு அடிக்குப் பதினாறு சொல். கால் அடியைத் தட்டட்டும். முதல் அடியின் 'த' மட்டும் ஓங்கி வரவேண்டும், மீதி பதினைந்தும் தூங்கும் பிள்ளை எழுந்துவிடாத அளவுக்கு மெல்ல. ஐந்து நிமிடம் இப்படி. அடுத்த ஐந்து நிமிடம் அந்த முதல் 'த'வை மட்டும் வாய்விட்டுச் சொல்லி, மற்றதை மனதுக்குள் ஓட்டுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். அவசரம் போகும்வரை கிட்டாரைத் தொட வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் அந்த இடத்தைச் சமம் என்பார்கள். ஃபங்க் வாசிப்பவர்கள் 'தி ஒன்' என்கிறார்கள். அதற்கு முந்தைய ரிதம் அண்ட் ப்ளூஸ், ராக் அண்ட் ரோல் எல்லாவற்றிலும் கைதட்டு விழுவது இரண்டிலும் நான்கிலும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் வளர்ந்த பாடகர் ஜேம்ஸ் பிரவுன், 1960-களின் நடுவில் பாட்டின் எடையைத் தூக்கி ஒன்றாம் அடியில் வைத்தார். இரண்டும் நான்கும் காணாமல் போய்விடவில்லை. ஸ்நேர், அதாவது டிரம் செட்டில் பளிச்சென்று ஒலிக்கும் சின்ன டிரம், பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். ஆனால் குழு முழுவதும் சேர்ந்து இறங்கும் இடம் ஒன்று. 1970-இல் 18 வயதில் அவர் குழுவில் சேர்ந்த பேஸ்காரர் பூட்ஸி காலின்ஸ், ஏகப்பட்ட சுரங்களை வாசிக்கிற பையன். ஒன்றை எனக்குக் கொடுத்துவிடு, அப்புறம் உன் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் வாசி என்பதுதான் அவருக்கு பிரவுன் கொடுத்த பாடம்.

இரண்டாவது வாரம் கேட்பதற்கு. நான் சொல்லும் வரிசையில் கேளுங்கள், கலைத்துப் போடாதீர்கள். முதலில் 1965-இல் வந்த பிரவுனின் 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்'. உள்ளே இன்னும் பழைய பன்னிரண்டு-பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றில் முடிந்து திரும்பும் அமைப்பு, இருக்கிறது, ஆனால் தரை நகர ஆரம்பித்துவிட்டது தெரியும். அடுத்தது 1967-இல் சின்சினாட்டியில் கிங் ஸ்டூடியோவில் பதிவான 'கோல்ட் ஸ்வெட்'. இதை ஒரே உட்காரலில் நான்கு முறை கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாத்தியத்தை.

முதல் முறை ஸ்நேர் மட்டும். இரண்டாம் அடியில் சரியாக விழும். நான்கில் விழ வேண்டியது அரை அடி தள்ளி விழும். எனக்கு இந்தப் பாட்டு முதலில் கிடைத்தது பெயர் எழுதாத 90 நிமிட கேசட்டில். டேப் தேய்ந்து இழுக்கிறது என்று நினைத்து, திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இழுத்தது. அப்போதுதான் உறைத்தது, ஒரு மனிதன் தெரிந்தே அங்கே வைக்கிறான் என்று. கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு என்ற அந்த டிரம்மர் டென்னசியில் சட்டனூகாக்காரர். ஊரின் ஆலை இயந்திரங்களும் ரயில்களும் எழுப்பிய சத்தத்தில் தாளம் கற்றவர்.

இரண்டாம் முறை பெர்னார்ட் ஓடமின் பேஸ். மூன்றாம் முறை ஊதுகருவிகள். சாக்ஸபோன்காரர் பீ வீ எல்லிஸ், ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்'டில் வரும் இரண்டு சுர பதிலில் இருந்து இந்த வரியை எடுத்தார். ஜாஸ் கேட்டவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான்காம் முறை ஜிம்மி நோலனின் கிட்டார். கோழி தரையைக் கிளறுவது போல இருக்கும், அதனாலேயே அதற்கு 'சிக்கன் ஸ்க்ராட்ச்' என்று பெயர். இடது கை தந்தியை லேசாக அழுத்தி உடனே விடும். வலது கை பதினாறையும் நிறுத்தாமல் உரசும்.

இப்படிக் கேட்டு முடித்தால் ஒரு விஷயம் தானாகத் தெரியும்: கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறுவதே அபூர்வம். மாறாத கார்டின் மேல் ஒவ்வொருவரும் ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, துணுக்குகள் பல்சக்கரம் போலக் கவ்விக்கொள்கின்றன. கிட்டாரும் டிரம்தான், குரலும் டிரம்தான். இதற்கு மெல்லிசைக்காரன் காது பழக நாளாகும். நமக்கு மெட்டு எங்கே என்று தேடும் புத்தி.

இந்தக் கவ்வல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு வேர் நியூ ஆர்லியன்ஸில் இருக்கிறது. அந்த ஊரின் காங்கோ சதுக்கத்தில், அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முழக்கி ஆடினார்கள். அங்கே சாவு ஊர்வலத்தில் பிராஸ் பேண்டு முன்னால் போகும். கல்லறையில் இருந்து திரும்பும்போது இசை துள்ள ஆரம்பிக்கும். குடையும் கைக்குட்டையும் சுழற்றி ஆடிக்கொண்டு பின்னால் வரும் கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர், அந்த நடைக்கும் அதே பெயர்தான். பறை அடித்து ஆடிப்போகும் ஊர்வலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நடை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு, அதே ஊர்க் குழுவான தி மீட்டர்ஸின் 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' கேளுங்கள், 1969. நான்கே பேர், பாட்டுக்கு வரிகளே கிடையாது. ஃபங்க் என்ற சொல்லுக்கே வாடை என்றுதான் முதல் பொருள். ஆடிக் களைத்த உடம்பின் வாடை. மண்ணும் வியர்வையும் உள்ள வாசிப்பைப் பாராட்டும் சொல்லாக அதை மாற்றியவர்கள் ஜாஸ்காரர்கள்.

மூன்றாவது வாரம் கிட்டாரை எடுங்கள். ஒரு தாளில் பதினாறு கட்டம் போட்டு, மேலே 'த க தி மி'யை நான்கு முறை எழுதுங்கள். கட்டம் 1-இல் ஈ என்ற சுரம், அதாவது பேஸின் தடித்த தந்தியைத் திறந்து. கட்டம் 4-இல் அதே ஈ, சின்னதாக. கட்டம் 8-இல் டி: அடுத்த தந்தியான ஏ-யில் ஐந்தாம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி). கட்டம் 15-இல் மறுபடி டி. அவ்வளவுதான், நான்கே சுரம். 9 முதல் 14 வரை ஆறு கட்டம் காலி. அந்த ஆறிலும் இடது கை தந்தியின் மேல் கிடந்து ஒலியை அடைத்து வைக்க வேண்டும். வெறுமனே வாசிக்காமல் இருந்தால் போதாது, தந்தி ரீங்கரித்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் காலி இடம்தான் எனக்கு வருடக்கணக்கில் வரவில்லை. ஒரு கோயில் கொடைக் கச்சேரியில், கிடைத்த சந்தெல்லாம் நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் எங்கள் டிரம்மர் அண்ணன் கோபமே இல்லாமல் கேட்டார்: "நீ வாயை மூடினாத்தானடே நான் பேச முடியும்?" பிறகு ஆறு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கிக், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், விழும் இடத்தில் மட்டும் வாசித்தேன். என் வாசிப்பு மாறியது அந்த ஆறு மாதத்தில்தான்.

துணைக்குக் கிட்டார் வாசிக்கும் நண்பர் இருந்தால் அவருக்கு ஈ ஒன்பதாம் கார்டு கொடுங்கள்: ஐந்தாம் தந்தியில் 7-ஆம் ஃப்ரெட், நான்காவதில் 6, மூன்றிலும் இரண்டிலும் 7. நீங்கள் காலியாக விட்ட கட்டங்களில் மட்டும் அவர் தொடட்டும். டிரம்முக்கு ஆள் இல்லாவிட்டால் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டின் நீண்ட வடிவத்தை வையுங்கள். 1969 நவம்பரில் பதிவானது. ஐந்து நிமிடம் கடந்ததும் மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, ஸ்டபிள்ஃபீல்டு தனியாக வாசிக்கிறார். ஓங்கி விழும் அடிகளுக்கு இடையில், ஸ்நேரில் குச்சி தடவுவது போன்ற மெல்லிய தட்டுகள் கேட்கும். கோஸ்ட் நோட் என்பது அதைத்தான், நாம் முதல் வாரம் மெல்லச் சொன்ன பதினைந்து சொற்களும் அங்கே இருக்கின்றன. அந்தச் சில நொடிகளை வெட்டி எடுத்து ஹிப் ஹாப்பில் எத்தனையோ பாட்டுகள் செய்தார்கள். பாட்டில் இயற்றியவராக அவர் பெயர் இல்லாததால் ராயல்டி அவருக்கு வரவில்லை. 2017-இல் இறந்துபோனார். இந்தப் பகுதியை மாணவர்களுக்குப் போடும்போதெல்லாம் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.

நான்காவது வாரம் ஸ்லாப். பேஸ்காரர் லாரி கிரஹாம் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிளப்புகளில் அம்மாவோடு வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்மர் இல்லாமல் போனதும், கிக்குக்குப் பதிலாகக் கட்டைவிரலால் தந்தியை அடித்தார், ஸ்நேருக்குப் பதிலாகச் சுண்டி இழுத்தார். பிறகு ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அந்தச் சத்தத்தை உலகம் கேட்டது. ஆகவே நீங்களும் அதை டிரம் என்று நினைத்தே அடியுங்கள். மணிக்கட்டு கதவுக் கைப்பிடியைத் திருப்புவது போலச் சுழலட்டும். கட்டைவிரலின் பக்கவாட்டு எலும்பு கடைசி ஃப்ரெட் பக்கம் தந்தியைத் தொட்டதும் துள்ளி விலகட்டும். வேகம் 70 போதும். கட்டம் 1-க்கும் 4-க்கும் கட்டைவிரல், 8-க்கும் 15-க்கும் சுண்டல். அதே தாள், அதே நான்கு சுரம், காலியான ஆறு கட்டமும் அப்படியே காலியாக.