ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை முதன்முறையாக நடத்தப்போகும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வரிசையைப் பற்றித்தான். வழக்கமான வரிசை எல்லோருக்கும் தெரியும்: வரையறை, வகைகள், பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), ஷெட்யூலிங் (எது எப்போது ஓடுவது), டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து உறைந்துபோவது), மெமரி, கடைசியில் ஃபைல் சிஸ்டம். நான் அப்படி நடத்துவதில்லை. ஒரே ஒரு சிஸ்டம் காலை, அதாவது நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை, பிடித்துக்கொண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் போவேன். தான் எழுதிய நிரல் எந்த இடத்தில் நின்று, கெர்னல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை மாணவர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் மற்ற பாடங்களுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்துவிடும்.

முதல் வகுப்பை ஆய்வகத்திலேயே வையுங்கள். லினக்ஸ், சி கம்பைலர், எஸ்டிரேஸ் (நிரல் செய்யும் சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் கருவி) இருந்தால் போதும். இந்த நிரலைப் பலகையில் எழுதுங்கள்: பிரிண்ட்எஃப் கொண்டு ஒரு வரி அச்சிடு, வரி முடிவில் நியூலைன் இருக்கட்டும்; அடுத்து ஃபோர்க் (பிராசஸை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கும் அழைப்பு); அப்புறம் வெளியேறு. அவ்வளவுதான். எத்தனை முறை அச்சாகும் என்று ஓடவிடும் முன்பே ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். இதில் கறாராக இருங்கள். ஊகத்தை எழுதி வைக்காதவர் விடையைப் பார்த்ததும் “எனக்கு முன்பே தெரியும்” என்று நினைத்துக்கொள்வார்.

அச்சிட்ட பிறகுதானே ஃபோர்க், ஆகவே ஒருமுறை என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். டெர்மினலில் ஓட்டினால் ஒருமுறைதான் வரும். சரி, இப்போது அதே நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பச் சொல்லுங்கள். கோப்பைத் திறந்தால் அந்த வரி இரண்டு முறை இருக்கும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

உடனே விளக்கிவிடாதீர்கள். எஸ்டிரேஸை எஃப் ஆப்ஷனோடு இரண்டு விதமாகவும் ஓட்டச் சொல்லுங்கள். அந்த ஆப்ஷன் இருந்தால்தான் குழந்தைப் பிராசஸையும் அது பின்தொடரும். பட்டியலில் ஃபோர்க்கைத் தேடிக் காணாமல் விழிப்பார்கள். லினக்ஸில் அது குளோன் என்ற பெயரில் வரும் என்று மட்டும் சொல்லுங்கள். டெர்மினல் ஓட்டத்தில் முதலில் ரைட் (வெளியே எழுதும் சிஸ்டம் கால்), பிறகு குளோன். கோப்பு ஓட்டத்தில் முதலில் குளோன், அதற்குப் பிறகு இரண்டு பிராசஸ்களும் ஆளுக்கொரு ரைட். இந்த வரிசை மாற்றத்தை ஒரு மாணவராவது தானாகக் கண்டுபிடிக்கும்வரை பொறுமையாக இருங்கள்.

அதன் பிறகு விளக்கலாம். பிரிண்ட்எஃப் ஒரு சிஸ்டம் கால் அல்ல, நூலகச் செயற்கூறு. எழுத்துகளை அது பிராசஸின் சொந்த நினைவகத்தில் ஒரு பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், சேர்த்து வைக்கிறது. வெளியீடு டெர்மினலுக்குப் போனால் நியூலைன் வந்ததும் பஃபர் காலியாகும். கோப்புக்குப் போனால் பஃபர் நிறையும்போதோ நிரல் முடியும்போதோதான் காலியாகும். ஃபோர்க் நினைவகத்தை நகலெடுக்கும்போது காலியாகாத அந்தப் பஃபரும் சேர்ந்தே நகலாகிறது. ஒரு சின்ன நிரலில் நூலகமும் கெர்னலும் வேறு என்பதும், பிராசஸுக்குத் தனி நினைவகம் உண்டு என்பதும் வந்துவிட்டன. வெளியீட்டைத் திருப்பியது ஷெல்தான் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) என்பதும் வந்துவிட்டது. “பெரிய பிராசஸ் என்றால் அத்தனை நினைவகத்தையும் நகலெடுக்க நேரமாகாதா?” என்று யாராவது கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். காப்பி-ஆன்-ரைட் (எழுதும்போது மட்டும் நகலெடுப்பது), 4096 பைட் பக்கங்கள், பேஜ் டேபிள் (நிரலின் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றும் அட்டவணை) எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பும்.

அடுத்து உண்மையான கெர்னல் வேண்டும். லினக்ஸ் நிரல்தொகுப்பைத் திறந்து காட்டினால் மிரண்டுவிடுவார்கள். நான் எக்ஸ்வி6 பயன்படுத்துகிறேன். 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி, எம்ஐடி 2006-இல் பாடம் நடத்துவதற்கென்றே உருவாக்கிய கெர்னல் அது. இப்போதைய வடிவம் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கானது, கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளில் ஓடும். ஒரு செமஸ்டரில் முழுக்கப் படித்துவிடலாம்.

இங்கேயும் ரைட்டையே பின்தொடருங்கள். நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் ஜிடிபியில் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, மாணவர்கள் தங்கள் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். பயனர் பக்கத்தில் மூன்றே கட்டளைகள்: சிஸ்டம் கால் எண்ணை ஏ7 ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வை, ஈகால் (கெர்னலுக்குள் தாவும் கட்டளை), திரும்பு. ஈகால் நடந்ததும் செயலி கெர்னலுக்குரிய சூப்பர்வைசர் நிலைக்கு மாறுகிறது. ரெஜிஸ்டர்கள் டிராப்ஃபிரேம் என்ற நினைவகப் பகுதியில் சேமிக்கப்படுகின்றன, உள்ளே வந்ததற்கான காரணம் 8 (பயனர் நிரலின் ஈகால்) என்று பதிவாகியிருக்கிறது, ஏ7-இல் உள்ள எண்ணை வைத்து ஒரு பட்டியலிலிருந்து செயற்கூறு எடுக்கப்படுகிறது. விடை ஏ0-வில் திரும்புகிறது. இதைப் பார்த்தவர்களுக்கு முதல் பயிற்சி: சொந்தமாக ஒரு சிஸ்டம் கால் சேர்க்க வேண்டும். அப்போது இந்தக் கேள்வியைப் போடுங்கள்: பயனர் ரைட்டுக்குக் கொடுக்கும் முகவரியைக் கெர்னல் அப்படியே நம்பிப் படித்தால் என்ன ஆகும்? பாதுகாப்பு என்ற பாடம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பயனர் நினைவகத்திலிருந்து சரிபார்த்து நகலெடுக்கும் காப்பிஇன் என்ற செயற்கூறு எதற்கு என்பதற்கு விடை தேடித்தான் பேஜ் டேபிளைப் படிக்கத் தொடங்குவார்கள். சி மொழியில் பாயின்டரில் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) தடுமாறுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்குத் தொடக்க ஆய்வக நேரங்களை அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

ஷெட்யூலிங்கில் கான்ட் சார்ட் (எது எப்போது ஓடியது என்ற நேரப் பட்டை வரைபடம்) போட்டுச் சராசரிக் காத்திருப்பு நேரம் கணக்கிடுவதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். அது கூட்டல் வகுத்தல்தான். மாணவர் பார்க்க வேண்டியது எக்ஸ்வி6-இல் ஓர் ஓட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஸ்விட்ச் என்ற சிறிய அசெம்ப்ளி செயற்கூறு. 14 ரெஜிஸ்டர்களைச் சேமிக்கிறது, வேறு 14 மதிப்புகளை ஏற்றுகிறது, திரும்புகிறது. ஆனால் திரும்பும் முகவரியே மாறிவிட்டதால், அழைத்த இடத்துக்குப் போகாமல் வேறொரு ஓட்டத்துக்குள் போய் நிற்கிறது. ஜிடிபியில் அந்த ஒரு அடியைத் தாண்டும்போது வகுப்பில் பலர் திரும்பவும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டட்டும். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

ஒரே நேர இயக்கத்துக்கு, இரண்டு த்ரெட்கள் (ஒரே பிராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் ஓட்டங்கள்) ஒரு பொது மாறியைத் தலா 10 லட்சம் முறை ஒன்று கூட்டட்டும். விடை 20 லட்சத்துக்குக் குறைவாக வரும், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறவும் செய்யும். ஒன்றைக் கவனியுங்கள்: ஆப்டிமைசேஷன் (கம்பைலர் நிரலை வேகமாக்க மாற்றி எழுதுவது) இல்லாமல் கம்பைல் செய்ய வேண்டும். இல்லையென்றால் கம்பைலர் லூப்பையே ஒரே கூட்டலாகச் சுருக்கிவிடும், சரியான விடை வந்து பாடம் படுத்துவிடும். பிறகு கம்பைல் ஆன நிரலின் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் போட்டு, அந்த ஒரு வரி எடு, கூட்டு, வை என்று மூன்று கட்டளைகளாக இருப்பதைக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூடெக்ஸ் எதற்கென்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. டெட்லாக்குக்கு இரண்டு மியூடெக்ஸை எதிரெதிர் வரிசையில் பிடிக்க வைத்தால் போதும்.

தேர்வில் வரையறை கேட்காதீர்கள். வாய்மொழித் தேர்வு வைக்க வாய்ப்பிருந்தால், மாணவரின் நிரலில் ஒரு வரியை மாற்றி விளைவைக் கேளுங்கள். முதல் வகுப்பு நிரலையே எடுத்து, ஃபோர்க்குக்கு முன்னால் பஃபரை உடனே காலிசெய்யும் எஃப்ஃபிளஷ் சேர்த்தால் கோப்பில் எத்தனை வரி? ஃபோர்க்கை இரண்டு முறை அழைத்தால்? பிரிண்ட்எஃப்புக்குப் பதிலாக நேரடியாக ரைட்? மூன்றாவதற்கு எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துபவரிடம், ஏன் என்று கேட்டு மதிப்பெண் போடுங்கள்.