எலிவேஷனை மட்டும் எடுத்து வராதீர்கள்: ஆர்க்கிடெக்சர் ஜூனியர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

இந்த செமஸ்டர் ஜூனியர்களின் ஸ்டூடியோவில் உதவிக்கு உட்காருகிறேன். அவர்களுடைய ஷீட்களைப் பார்த்தால், எங்கள் பேட்ச் அந்த வயதில் செய்த அதே தவறுகள் வரிசையாக நிற்கின்றன. வடக்கு அம்பு போடாதது, ஸ்கேல் எழுத மறந்தது போன்றவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதையெல்லாம் சாரோ மேடமோ சிவப்புப் பேனாவால் சுழித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் தப்பித்து, கடைசியில் கட்டடமாகவே எழுந்து நின்றுவிடுகிற தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தில் பார்த்த ஃபின்னை அப்படியே ஒட்டுவது

நவீனக் கட்டடம் என்றதும் பாதிப் பேர் வரைவது, சுவருக்கு வெளியே வரிசையாக நிற்கும் கான்கிரீட் ஃபின்கள், அதாவது வெயிலை மறிக்கும் செங்குத்துப் பலகைகள். பெரும்பாலும் அகமதாபாத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வடிவமைத்து 1954-இல் முடிந்த மில் ஓனர்ஸ் அசோசியேஷன் கட்டடத்தின் போட்டோவிலிருந்துதான் அவை வருகின்றன. சமீபத்தில் ஒரு தம்பி கிளை நூலகம் ஒன்றை வரைந்து கொண்டுவந்தான். நாலு பக்கமும் ஒரே ஃபின்.

"மேற்கிலும் ஏன்ப்பா இதே மாதிரி?"

"கார்பூசியர் அப்படித்தானே வச்சிருக்கார், அக்கா?"

அவர் அப்படி வைக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் தெருவைப் பார்க்கும் மேற்கு முகத்தில் ஃபின்கள் சாய்வாகத் திரும்பியிருக்கின்றன. சபர்மதி ஆற்றைப் பார்க்கும் கிழக்கு முகத்தில் அவை சுவரிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேற்கில் மாலை வெயிலையும் தெருவில் போகிறவர்களின் பார்வையையும் மறிக்க வேண்டும். கிழக்கில் ஆற்றுக் காற்று தடையில்லாமல் உள்ளே வர வேண்டும். தம்பி கிழக்கு முகத்தின் போட்டோவைப் பார்த்து மேற்குச் சுவரை வரைந்திருந்தான்.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். சென்னையில் மே மாத நடுவில், மாலை நாலேகால் மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் இருக்கும். நேர் மேற்கிலிருந்து 15 பாகை வடக்கே தள்ளியிருக்கும். மேற்குச் சுவரில் ஓரடி ஆழமுள்ள நேர் ஃபின்களை 3 அடிக்கு ஒன்றாக நிறுத்தினால், ஒவ்வொன்றும் தருகிற நிழலின் அகலம் கால் அடிதான். மீதி இரண்டே முக்கால் அடியும் வெயில். சரி, ஃபின்னை விட்டுவிட்டு வழக்கமான 2 அடி சன்ஷேட் போட்டால்? அதே நேரத்தில் அதன் நிழல் ஓரடிக்குச் சற்று மேல் இறங்கி நின்றுவிடும். 4 அடி உயர ஜன்னலில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக வெயிலில் கிடக்கும். இதே சன்ஷேட் தெற்குச் சுவரில் டிசம்பர் மதியத்தில் 2.7 அடி நிழல் தரும். திசை மாறினால் பொருளே வேறாகிவிடுகிறது.

ஷீட்டில் இருக்கும்வரை இது மதிப்பெண் விவகாரம். கட்டிவிட்டால் அடுத்தவர் காசு. நான் இன்டர்ன்ஷிப் செய்த அலுவலகத்தில் மேற்கு பார்த்த ஒரு கிளினிக் வேலை வந்தது. நோயாளிகள் காத்திருக்கும் இடத்துக்கு முழு உயரக் கண்ணாடி, அதன் முன்னால் அலுமினிய ஃபின்கள், எல்லாம் நேராக. எலிவேஷன், அதாவது வெளிமுகத் தோற்றம், மிக அழகாக இருந்தது. ஃபின்களைத் திருப்பலாமா என்று கேட்டதற்கு, முன்பக்கம் மூடினமாதிரி தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். திறந்த பிறகு சைட்டுக்குப் போனபோது ஓ.பி. நேரம், சாயங்காலம். பெஞ்சுகளை எல்லாம் எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் துப்பட்டாவைக் குழந்தை முகத்தில் மறைத்துப் பிடித்திருந்தார்கள். ஃபின்னுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், நர்சரிகளில் கட்டுகிற பச்சை நிழல்வலை தொங்கியது. அதற்கும் டாக்டர்தான் செலவழித்திருந்தார். பிறகு கூடுதலாக ஓர் ஏ.சி.யும் வாங்கினார். "ஒரு வேப்பமரம் வச்சிருந்தா போதுமேம்மா?" என்று என்னிடம் கேட்டார். அலுவலகத்தில் யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்பது வரைவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

சரியாகச் செய்த கட்டடத்தைப் பார்க்க அகமதாபாத் வரை போகவும் வேண்டாம். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி இருக்கிறது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகஷிமா சைட்டிலேயே இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டார். 1930-களின் கடைசியில் கட்ட ஆரம்பித்த கான்கிரீட் கட்டடம். அதன் நீளமான முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்த இரண்டு முகங்களிலும் மேலிருந்து கீழ்வரை கிடைமட்டப் பலகைகள். தங்கியிருப்பவரே திறந்து மூடிக்கொள்ளலாம். போட்டோவில் நம்மை இழுப்பது அந்தப் பலகைகளின் கோடுகள். ஆனால் பிளானை நீளவாக்கில் எந்தத் திசைக்குக் கிடத்துவது என்று முடிவெடுத்த அன்றைக்கே பாதி வேலை முடிந்துவிட்டது. இந்தக் கட்டடத்தை மேற்கு பார்க்கத் திருப்பி வைத்தால், அதே பலகைகளைச் சாயங்காலம் முழுக்க இறுக்கி மூடித்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் காற்று எங்கிருந்து வரும்?

சோதித்துப் பார்க்க சாஃப்ட்வேர்கூடத் தேவையில்லை. ஒரே ஒரு ஜன்னலையும் அதன் முன்னால் வரும் ஃபின்களையும் மவுண்ட் போர்டில் 1:20 அளவில் வெட்டி ஒட்டுங்கள். அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சை 30 பாகை உயரத்தில், சுவருக்கு நேர் எதிரிலிருந்து 15 பாகை இடக்கைப் பக்கம் தள்ளிப் பிடியுங்கள். மேற்குச் சுவரை வெளியிலிருந்து பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம்தான் வடக்கு என்பதால், மேற்குச் சுவருக்கு டார்ச் இடப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் பிடித்தால் அது டிசம்பர் பக்கத்து வெயில். இரண்டையும் பாருங்கள். வெளிச்சம் உள்ளே எதுவரை போகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் வாசிப்பு மேஜை வந்தால் ஃபின்னைத் திருப்புங்கள், அல்லது மேஜையை நகர்த்துங்கள், அல்லது அங்கே ஜன்னலே வேண்டுமா என்று யோசியுங்கள்.

வடக்கில் வெயிலே வராது என்று நம்புவது

ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தகங்களைப் படித்து வருகிற நம்பிக்கை இது. சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நம்முடைய மதியச் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும். வடக்குச் சுவருக்கும் சன்ஷேட் வேண்டும். சின்னதாக இருந்தால் போதும்.

பௌஹவுஸை ஒரு ஸ்டைலாக எடுத்துக்கொள்வது

வெள்ளைப் பெட்டி, தட்டைக் கூரை, ஒரு சிவப்புக் கதவு. இதை வரைந்துவிட்டு பௌஹவுஸ் என்று தலைப்புப் போடுகிறார்கள். 1919-இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய அந்தக் கலை, கைவினைப் பள்ளியில் கட்டடக்கலைக்கென்று துறை வந்தது 1927-இல்தான். அதுவரை அங்கே நெசவு, உலோகம், தச்சு என்று பட்டறைகள். நூலையும் மரத்தையும் கையால் தொட்டு, அது எவ்வளவு இழுபடும், எங்கே உடையும் என்று கற்றுக்கொண்டார்கள். 1922 டிசம்பரில் கல்கத்தாவில் காண்டின்ஸ்கி, கிளே போன்ற பௌஹவுஸ் ஆசிரியர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, அதே கண்காட்சியில் ககனேந்திரநாத் தாகூரின் ஓவியங்களும் இருந்தன. நம் ஊர்க் கலைஞர்கள் அன்றைக்கே அவர்களோடு சமமாகப் பேசியிருக்கிறார்கள். நாம் வெள்ளை பெயின்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதுவும் சன்ஷேட் அடியில் தண்ணீர் சொட்டுவதற்கான சின்னக் காடியை விடாமல் கட்டினால், ஒரே ஒரு ஐப்பசி மழையில் ஜன்னலுக்குக் கீழே கறுப்பு ஒழுக்கு இறங்கிவிடும்.

கலையைக் கடைசியில் கூப்பிடுவது

பிளான் முடிந்து, லாபியில் ஒரு சுவர் காலியாக இருந்தால், அங்கே 'மியூரல்' (சுவரோவியம்) என்று எழுதிவிடுவது. அகமதாபாத்தில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி தனக்கென்று கட்டிய சங்கத் அலுவலகத்தின் கூரையைப் பாருங்கள். வளைவான கூரைமேல் உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதித்திருக்கிறார்கள்; அவை வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. கூரையின் தடிமனுக்குள் உள்ளே பொள்ளலான சுட்ட மண் துண்டுகள் இருக்கின்றன. அவை சூட்டைக் கீழே இறங்கவிடுவதில்லை. சில்லு பதித்தவரின் கையழகும் கட்டடத்தின் குளிர்ச்சியும் அங்கே ஒரே வேலையில் நடந்திருக்கின்றன. வளைவை மட்டும் காப்பியடித்து வெறும் கான்கிரீட்டில் ஊற்றினால் கீழே உட்கார முடியாது.

முகப்பில் தாமரை, சங்கு, மயில் ஒட்டுவது

வேண்டாம். உள்ளே யார் வருகிறார்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

ரெண்டரில் (கம்ப்யூட்டர் படத்தில்) மரம் நடுவது

சைட்டில் இல்லாத மரத்தின் நிழலை நம்பி ஜன்னல் வைக்காதீர்கள்.

டேப் இல்லாமல் கட்டடம் பார்க்கப் போவது

ஸ்டடி டூரில் போட்டோ எல்லோரும் எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் ஏதாவது ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். தரையிலிருந்து ஜன்னல் எத்தனை அடியில் ஆரம்பிக்கிறது, சன்ஷேட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, ஃபின் இருந்தால் அதன் ஆழமும் இடைவெளியும் என்ன, வெயில் தரையில் எதுவரை விழுகிறது என்று டேப்பை வைத்து அளந்து எழுதுங்கள். பக்கத்திலேயே தேதியும் மணியும். ஜன்னல் எந்தத் திசை என்பதை மொபைல் காம்பஸில் பார்த்து முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்; ஊருக்கு வந்து போட்டோவைப் பார்த்தால் அது மட்டும் தெரியாது.