இடி இடிப்பதற்குள் சறுக்கிவிடுங்கள்: நீர்ப் பூங்காப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பலகாரப் பட்டியலுக்கு அடுத்து வருவது நீர்ப் பூங்காப் பட்டியல். இந்த ஆண்டு அதைத் தயாரித்தவன் என் அக்காள் மகன். பூங்காவின் பெயர், சறுக்குகளின் எண்ணிக்கை, டிக்கெட் விலை என்று அட்டவணை போட்டு, விலையைச் சறுக்குகளால் வகுத்து ‘ஒரு சறுக்குக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்)’ என்றுகூட ஒரு கட்டம் வைத்திருந்தான். கடைசிக் கட்டத்தில் கோலாலம்பூர் செந்தூலில் இருந்து புறப்படும் நேரம்: காலை 10.30. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கோவில் இளைஞர் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், சொந்தபந்தம் என்று கூட்டம் கூட்டமாக ஆட்களை இந்தப் பூங்காக்களுக்கு அழைத்துப் போவது பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கும் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. புதிதாகக் கிளம்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுங்கள், கைப்பேசிக்கு உறை போடுங்கள், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார்.

சறுக்குகளை எண்ணி ஒப்பிடுவது

விளம்பரத்தில் இருபது சறுக்குகள் என்று இருக்கும். அவற்றில் நான்கு, முழங்கால் அளவு தண்ணீரில் விழும் குட்டிச் சறுக்குகள். இரண்டு பராமரிப்புக்காக மூடியிருக்கும். மூன்றில் உங்கள் மகளை ஏற்ற மாட்டார்கள். மிஞ்சியதை எண்ணுங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஒரு சறுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை இறக்குகிறது என்பது. நான்கு பேர் உட்காரும் மிதவையை நிமிடத்துக்கு ஒன்று என அனுப்பினால் மணிக்கு 240 பேர். ஒற்றை ஆளாகப் படுத்து இறங்கும் குழாயில் அரை நிமிடத்துக்கு ஒருவர் என்றால் மணிக்கு 120 பேர். பள்ளி விடுமுறையில் அந்தக் குழாயின் படிக்கட்டில் உங்களுக்கு முன்னால் அறுபது பேர் நின்றால், அரை மணி நேரம் போய்விட்டது. இறங்குவதோ பத்துப் பதினைந்து விநாடி. ஒரே ஒரு பெரிய மிதவைச் சறுக்கும் ஒழுங்கான வரிசையும் உள்ள பூங்காவில் குடும்பமாக ஆறு முறை இறங்கிவிடலாம். இருபது சறுக்குகள் கொண்ட பூங்காவில் மூன்றோடு திரும்ப வேண்டியிருக்கும்.

பூங்காக்களை ஒப்பிட வேண்டுமா? மதியம் ஒரு மணி வரை எத்தனை முறை இறங்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். ஏன் ஒரு மணி என்பது கீழே வருகிறது.

குழந்தையை வயதால் அளப்பது

சென்டிமீட்டரால் அளக்க வேண்டும். பல பூங்காக்களில் 90 செ.மீ.க்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். பெரிய சறுக்குகளுக்கோ 107, 122 என்ற அளவுகள் பரவலாக உண்டு. செங்குத்தாக விழுபவற்றுக்கு அதற்கும் மேல். வாசலில் இருக்கும் அளவுகோலில் பையன் குதிகாலைத் தூக்கி நிற்பதைப் பணியாளர் பார்த்துவிடுவார். ‘அவனுக்கு எட்டு வயது ஆகிவிட்டது, ஐயா’ என்று நீங்கள் வாதாடுவதை வரிசை முழுவதும் வேடிக்கை பார்க்கும், பையன் அழுவான். வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்துவிட்டு, பூங்காவின் இணையப் பக்கத்தில் அவன் எவற்றில் ஏறலாம் என்று அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. மிதவையில் ஏறுவோரின் மொத்த எடையைப் பார்ப்பார்கள். மாமாக்கள் மூவரும் ஒரே மிதவையில் ஏற ஆசைப்பட வேண்டாம்.

மதியம் போய்ச் சேருவது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் காலை வெயில் தரையைக் காய்ச்சுகிறது. மலாக்கா நீரிணையில் இருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. சூடேறிய ஈரக்காற்று மேலே எழும்பி, மதியத்துக்குப் பிறகு மேகம் கோபுரமாக வளர்ந்து, இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் இடியும் மின்னலுமாகக் கொட்டுகிறது. உலகில் மின்னல் அதிகம் உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் இது ஏறக்குறைய அன்றாட வழக்கம். தீபாவளி எந்த மாதங்களில் வருகிறது? அக்டோபர் அல்லது நவம்பர். நம் ஆட்கள் வருடத்தில் ஒரே ஒரு முறை நீர்ப் பூங்காவுக்குத் தேர்ந்தெடுக்கும் வாரம், ஆண்டின் மிக மோசமான மின்னல் பருவத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மழை பெய்தால் என்ன, எப்படியும் நனையத்தானே போகிறோம் என்பார்கள். மழைக்காக யாரும் சறுக்கை நிறுத்துவதில்லை, மின்னலுக்காகத்தான் நிறுத்துகிறார்கள். சறுக்கின் உச்சி, பெரும்பாலும் பூங்காவிலேயே உயரமான கோபுரம். அதன் படியில் ஈரக் காலோடு ஐம்பது பேர் நிற்கிறார்கள். மின்னலைப் பார்த்து மூன்று விநாடி கழித்து இடி கேட்டால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்திருக்கிறது. முப்பது விநாடி என்றால் பத்து கிலோமீட்டர். அந்தத் தூரமே ஆபத்து என்பதுதான் பல இடங்களில் கடைப்பிடிக்கும் பொது விதி. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே மீண்டும் திறக்க வேண்டும் என்பது அதன் இரண்டாம் பாதி. இந்த இரண்டாம் பாதியைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இருபத்தெட்டாவது நிமிடத்தில் எங்கோ ஒரு இடி முனகினாலும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். வானம் வெளுத்திருக்கும், மழை நின்றிருக்கும், சறுக்கு மட்டும் மூடியே இருக்கும். அலைக்குளத்தில் இருந்தும் எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு கூட்டத்தை அழைத்துப் போனேன். பஸ் எட்டு மணிக்குப் புறப்பட வேண்டும். ஒரு சித்தப்பாவுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் நிறுத்தினால்தான் ஆயிற்று என்று இன்னொரு கோஷ்டி. தோசை, ரொட்டி சானாய், அதற்கு மேல் தே தாரிக். பதினொன்றரைக்கு வாசல். உள்ளே போனதும் ‘முதலில் இடம் பிடித்துச் சாப்பிட்டுவிடுவோம், பிறகு நிம்மதியாக விளையாடலாம்’ என்றார் ஓர் அத்தை. அவர் குரலுக்கு மறுபேச்சு கிடையாது. தண்ணீரில் கால் வைத்தபோது மணி ஒன்றரை. இரண்டே முக்காலுக்கு முதல் இடி. ஐந்து மணி வரை ஒரு கூரைக்கடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினோம். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு முறை சறுக்கியிருந்தால் அதிகம். காத்திருக்க வைத்த அதே சித்தப்பா முகப்புக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டார். வானிலைக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று டிக்கெட்டிலேயே இருந்தது. அந்தப் பூங்காவைப் பற்றி அவர் இன்றுவரை ‘அங்கே ஒன்றுமே இல்லை’ என்றுதான் சொல்லிவருகிறார். அதைக் கேட்டுப் போகாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் இங்கேதான்: தாமதமாகப் போனவர்களின் தீர்ப்பு, பூங்காவின் தரமாக ஊரில் உலவுகிறது.

ஆகவே, பத்து மணிக்குத் திறக்கும் பூங்காவின் வாசலில் ஒன்பதேகாலுக்கு நில்லுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பசியாறுவது வீட்டிலேயே முடியட்டும். திறந்ததும் எல்லோரும் முதல் சறுக்கில் குவிவார்கள். நீங்கள் வாசலுக்கு மிகத் தொலைவில் உள்ள உயரமான கோபுரத்துக்குப் போங்கள். அலைக்குளமும் மெதுவாக மிதந்து சுற்றும் ஆறும் பிறகு. சாப்பாடு ஒன்றரைக்கு. இடி இடித்தால் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

புயல் கடந்த பிறகு கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நாலரை, ஐந்துக்கு மறுபடி திறக்கும்போது பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருக்கும். காலையில் அரை மணி நேரம் நின்ற வரிசையில் அப்போது நிற்கவே வேண்டியிருக்காது. மூடும் நேரத்துக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்துக்காகவே டிக்கெட் வாங்கலாம்.

விடியற்கால மழையைப் பார்த்துப் பயணத்தை ரத்துசெய்வது

மே முதல் செப்டம்பர் வரை சுமத்ராவில் இருந்து வரும் புயல்வரிசை அதிகாலையில் பேயாட்டம் ஆடிவிட்டு, பெரும்பாலும் காலை முடிவதற்குள் கலைந்துவிடும். ஐந்து மணிக்கு மழை என்றால் எழுந்திருங்கள், ரத்துசெய்யாதீர்கள். வானிலை ஆய்வுத் துறையின் செயலியில் மேகப் படத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

பருத்திச் சட்டை, ஜீன்ஸ், சுடிதார் துப்பட்டா

ஏற்ற மாட்டார்கள். உடலோடு ஒட்டும் நீச்சல் உடை வேண்டும். உடலை முழுக்க மறைக்கும் வகையும் கடைகளில் கிடைக்கிறது, கூச்சப்படும் அக்காமார்களுக்கு அதுவே வசதி.

புளிச்சோறும் கோழிப் பிரட்டலும்

வாசலோடு நின்றுவிடும்.

மைகார்டை (அடையாள அட்டையை) வீட்டில் வைத்துவிட்டு வருவது

உள்நாட்டவர் விலை அட்டையைக் காட்டினால்தான். பிள்ளைகளின் மைகிட்டும் சேர்த்து.

அலைக்குளத்தில் காற்றடைத்த கைப்பட்டை மாட்டிய பிள்ளையை விட்டுவிட்டுப் படம் எடுப்பது

செய்யாதீர்கள். ஊதிய கைப்பட்டை விளையாட்டுப் பொருள், உயிர்காப்புச் சட்டை அல்ல. கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

சன்வேயை ஒரே நாளில் முடிப்பது

சன்வே லகூன், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் 1993-இல் பழைய வெள்ளீயச் சுரங்கக் குழியில் எழுந்த பூங்கா. தெருவில் இருந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்குள் இறங்குவது தெரியும். நீர் விளையாட்டு, ராட்டினங்கள், விலங்குகள், சாகசம், திகில், 2016-இல் நிக்கலோடியன் என்ற சிறுவர் தொலைக்காட்சியின் பெயரில் வந்தது என்று பகுதிகள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நடப்பதிலேயே நாளைக் கழிக்கிறார்கள். நீருக்காகப் போனால் நீரில் இருங்கள். தரை கொதிக்கும், சிறு பிள்ளைகளுக்கு நீர்ச்செருப்பு அவசியம். விடுமுறை நாளில் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதைவிட, கிளானா ஜெயா தடத்தில் எல்ஆர்டி ரயில் ஏறி யுஎஸ்ஜே 7-இல் இறங்கி பிஆர்டி பஸ் பிடிப்பது மேல். பூங்காவின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது.

பினாங்கை கோலாலம்பூர் கண்ணால் பார்ப்பது

பினாங்குத் தீவின் தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப் பூங்காவுக்குப் போய்விட்டு ‘சன்வே அளவுக்குப் பெரிதாக இல்லையே’ என்பது நம்மவர்களின் வழக்கமான முணுமுணுப்பு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டதால் வந்த வினை. எஸ்கேப் 2012-இல் மலையடிவாரத்து மரங்களுக்கு இடையே திறக்கப்பட்டது. கயிறு பிடிப்பது, மரம் ஏறுவது, தாவுவது என்று உடம்பை வைத்து விளையாடும் இடம். நீர்ப் பகுதியும் அதே போக்கில்தான். நிழல் அதிகம் என்பதால் பாட்டிகள் ஒரு முழு நாளும் சிணுங்காமல் உட்காருவார்கள். இதை எந்த அட்டவணையும் காட்டாது.

அங்குள்ள 1,111 மீட்டர் நீளக் குழாய்ச் சறுக்கு 2019-இல் உலகின் மிக நீளமானதாகக் கின்னஸில் பதிவானது. நாற்காலித் தொங்கூர்தியில் மலை ஏறி, காட்டுக்குள் சுமார் நான்கு நிமிடம் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். வேகத்துக்குப் பேர் போனது அல்ல; வயிறு கலங்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் போன இளவட்டங்கள் முகம் சுளிக்கிறார்கள், ஐம்பதைத் தாண்டியவர்களோ இன்னொரு முறை என்கிறார்கள். காலையில் முதல் வேலையாக இதற்குப் போங்கள். இடி கேட்டால் தொங்கூர்தியும் நிற்கும்.

பருவத்தையும் மாற்றிக் கணக்கிடுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மழை குறைந்த மாதங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் கழித்து தெலுக் பஹாங் போவது நல்ல திட்டம். திருவிழா நாளன்றே போவது நல்ல திட்டம் அல்ல. வாரத்தில் ஒரு நாள் பூங்காக்கள் மூடுவதுண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லாதவர்கள் ஜார்ஜ் டவுன் ஜெட்டியில் (படகுத்துறையில்) 101-ஆம் எண் பஸ் ஏறலாம், பத்து ஃபெரிங்கி வழியாகப் போகும். காரில் போனவர்கள் அதே குறுகிய கடலோரச் சாலையில் மாலை திரும்ப வேண்டாம். கோலாலம்பூருக்குத் திரும்புகிறவர்கள் பாலிக் புலாவ் வழியாக இறங்கி, தீவில் இருந்து பெருநிலத்துக்குப் போகும் இரண்டாவது பாலத்தைப் பிடிக்கலாம். மலை வளைவுகள் அதிகம், வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். ஜூன், ஜூலையில் என்றால் வழியோரக் கடைகளில் டுரியான் கிடைக்கும்.