ட்ரோன் நடுங்குகிறதா? முதலில் இறக்கையைப் பாருங்கள்

வீடியோ அலையடிக்கிறதா, மோட்டார் சத்தம் கரகரவென்று மாறிவிட்டதா? கேமராவைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு புரொப்பெல்லரின் (சுழலும் இறக்கையின்) விளிம்பிலும் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய சிறு வெட்டுகூட நகத்தில் தட்டும். நான் இதை ஒவ்வொரு முறையும் செய்கிறேன். அப்புறம், மோட்டாரில் பொருந்தும் நடுப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து லேசாக வளையுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் வாய் திறக்கும். விரிசலைப் பசை போட்டு ஒட்டவே வேண்டாம், பறக்கும்போது உடைந்து தெறிக்கலாம். மடக்கு இறக்கை என்றால், ஒன்று பழுதானாலும் அந்த மோட்டாரில் உள்ள இரண்டு இறக்கைகளையும் சேர்த்தே மாற்றுங்கள், எடை சமமாக இருக்கும். வலஞ்சுழி, இடஞ்சுழி குறி பார்த்து மாட்டுங்கள்; மாறினால் கிளம்பும்போதே கவிழும். தூசிக்கு ஈரத்துணி போதும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.