கயாக்ல சுறாவுக்குப் போறீங்களா, முதல்ல காத்தப் பாருங்க

"அண்ணே சுறா கடிச்சா கை போயிடுமா, என்ன சைஸ் ஹூக் போடணும்?" கயாக் வாங்கின பொடியன்மார் எல்லாரும் வந்து கேக்கிற கேள்வி இதுதான். காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது எண்டு இதுவரைக்கும் ஒருத்தன் கேக்கல்ல. நானும் ஒரு காலத்தில இப்பிடித்தான் இருந்தன், அதனாலதான் இத எழுதுறன்.

நம்மட மட்டக்களப்புக் கரையில வைகாசி தொடங்கி புரட்டாதி மட்டும் கச்சான் அடிக்கும் தெரியும்தானே, சூடாக் காய்ஞ்சு போய் தரைப்பக்கமிருந்து வாற காத்து. கரையில நிண்டு பார்த்தா கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அலையே இல்ல, ஆஹா இண்டைக்கு நல்ல நாள் எண்டு தோணும். ஆனா காத்து முதுகுக்குப் பின்னால இருந்து கடலப் பார்த்து அடிக்குது, கரைக்குக் கிட்ட அதுக்கு அலை எழுப்ப இடம் காணாது அவ்வளவுதான், அரைக் கிலோமீட்டர் தாண்டினப்பிறகுதான் நுரை தெரியும், அந்நேரம் கிறுகிப் பார்த்தா தென்னைமரமெல்லாம் சின்னதாப் போயிருக்கும். போகக்குள்ள துடுப்பே போடாமப் போயிருப்பீங்க, வரக்குள்ள முழுத்தூரமும் காத்துக்கு எதிரா.

ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆடி மாசம் நானும் மச்சானும் புன்னைக்குடாவில இறங்கினம். எனக்கு ஒரு சுறா பட்டுது, நாலடி ஐஞ்சடி இருக்கும், நேரா வெளிக்கடலுக்கு இழுத்திச்சு. நானும் வீராப்பில விடல்ல. மீனும் அந்தப்பக்கம் இழுக்குது, கச்சானும் அந்தப்பக்கம் தள்ளுது. பிறகு யோசிச்சுப் பார்த்தா சுறா இழுத்த தூரம் கொஞ்சம், காத்துக் கொண்டுபோன தூரம்தான் கனக்க. நூல வெட்டுவம் எண்டு முடிவெடுக்கவே அரை மணித்தியாலம் போச்சு, முடிவெடுத்த பிறகு பார்த்தா கத்தி பின்னால பெட்டிக்குள்ள மூடிக் கிடக்கு, கிறுகி எடுக்கப்போனா கயாக் ஆடுது. கடைசியில வலைக்குப் போய்த் திரும்பின ஃபைபர் போட்காரர் ஒருத்தர் கயிறு எறிஞ்சார், கூடவே நல்லா ஏசியும் எறிஞ்சார், வாங்கிக்கிட்டம். மீன் போச்சு, மானமும் போச்சு.

அதுக்குப்பிறகு நான் வச்சிருக்கிற முறை இதுதான். கடலப் பார்த்து நிண்டு ஒரு பிடி காஞ்ச மணல மேல எறியிறது. மணல் கடல்பக்கம் பறந்தா அண்டைக்கு கயாக் கடலுக்கு இல்ல, வாவிக்குப் போய் செப்பலிக்குத் தூண்டில் போடலாம். காத்து லேசா இருந்தாலும் முதல்ல ஒரு நூறு மீட்டர் போய் உடனே கிறுகி கரைக்கு வந்து பார்க்கணும், வாற நேரம் மூச்சு வாங்குது எண்டா மீனோட சண்டை பிடிச்சுக் களைச்ச பிறகு வரவே ஏலாது. நல்ல காலம் எண்டா மாசி கடைசி, பங்குனி, சித்திரை, வாடை ஓய்ஞ்சு கச்சான் தொடங்க முன்ன. ஐப்பசி கடைசியில இருந்து தை மட்டும் கயாக்க வீட்டுக்குப் பின்னால கவிழ்த்துப் போட்டிருங்க, மழை, வாடை, ஆத்துத்தண்ணி எல்லாம் சேர்ந்து வாற காலம், 1978 சூறாவளி வந்ததும் நவம்பர் 23ஆம் திகதிதான், நம்மட பெரியாக்கள் இன்னமும் கதைக்கிறாங்க.

நேரம் எண்டா விடியக்காலம், வெளிச்சம் வந்த பிறகு. பின்னேரம்தான் சுறா கூட வரும் எண்டு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா இருட்டினா உங்களயும் ஒருத்தருக்கும் தெரியாது. காலையிலயும் ஒரு சிக்கல் இருக்கு, இது கிழக்குக் கரை, சூரியன் கடலுக்குள்ள இருந்துதான் எழும்பும், கரையில இருந்து வெளிய போற என்ஜின் போட்காரருக்கு முகத்துக்கு நேர வெளிச்சம், தண்ணியோட தண்ணியாக் கிடக்கிற கயாக் கண்ணுக்குப் படவே படாது. அதனால நீட்டுக் கம்பொண்டில செம்மஞ்சள் துணி கட்டுங்க, உடுப்பும் பளிச்செண்ட நிறமாப் போடுங்க, நீலச் சேர்ட்டப் போட்டுக்கிட்டு நீலக்கடலுக்குள்ள போகாதீங்க. கரைவலை போடுற இடத்தில இறங்க முன்ன அந்த ஆக்களிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கயிறு எங்க கிடக்கு எண்டு அவங்களுக்குத்தான் தெரியும், நீங்க சொன்ன நேரத்துக்கு வரல்ல எண்டா தேடுறதும் அவங்கதான்.

இடத்தப் பத்தி. பாசிக்குடாவில, கல்லடிக் கடற்கரையில, அறுகம்பையில ஆக்கள் குளிக்கிற, சேர்ஃப் அடிக்கிற பக்கம் சுறாவுக்கு இரை போடவே போடாதீங்க, ரத்தம் ஊத்துறத நினைச்சும் பார்க்காதீங்க, அது உங்கட பாதுகாப்பு மட்டுமில்ல. முகத்துவாரமும் வேணாம். ஆத்துவாயில கலங்கல் தண்ணிக்கு வாற சுறா இருக்கு, அது பெருசு, நன்னீருக்குள்ளயும் ஏறும் சாதி, ஆனா அதவிட அங்க இழுக்கிற நீரோட்டம்தான் பயம், வாவித்தண்ணி இறங்கிற நேரம் நீங்க துடுப்புப் போட்டாலும் போடாட்டியும் ஒண்டுதான். இன்னொரு கூட்டம் ஹெர்மிஸ் கப்பலுக்கு மேல போவமா எண்டு கேக்குது, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டு மூழ்கடிச்ச கப்பல், மீன் குவிஞ்சிருக்கும்தான், ஆனா அது பல கிலோமீட்டர் வெளிய, என்ஜின் போட்டில போற இடம், கயாக்குக்கில்ல.

நான் போறது கரையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளதான். கரையில ரெண்டு அடையாளம் எடுத்துக்குவன், முன்னால ஒரு தென்னை, பின்னால ஒரு ஃபோன் டவர், ரெண்டும் ஒரே கோட்டில நிண்டா நான் என்ட இடத்தில நிக்கிறன், ரெண்டும் விலகினா ஓட்டம் என்னக் கரையோட இழுக்குது எண்டு அர்த்தம். தூண்டில் போட்டுட்டு மீனப் பத்திக் கனவு காணுற நேரம்தான் இது நடக்கும், அதனால பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கிறுகிப் பாருங்க.

சரி, எந்தச் சுறா? கயாக்குக்குச் சரியான அளவு பால்சுறாதான். மூண்டடியச் சுத்தி வாறது, கரைக்குக் கிட்ட மணல் தரையில திரியும், புள்ளப் பெத்த பொம்புளயளுக்கு பால் சுரக்கக் குடுக்கிறது அதுதான். பெருசு வேணும் எண்டு போகாதீங்க. வால் உடம்பளவு நீளமா இருக்கிற சுறாவ இலங்கையில பிடிக்கிறது 2012ல இருந்து தடை, திமிங்கிலச் சுறாவையும் தொட ஒண்ணா, தூண்டில்ல தற்செயலாப் பட்டா உடனே விடணும். செட்டைய மட்டும் வெட்டி எடுத்துட்டு உடம்ப கடல்ல எறியிறதும் குற்றம். சட்டமும் மாறிக்கிட்டே இருக்கும், போக முன்ன மீன்பிடித் திணைக்களத்தில ஒருக்கா கேட்டுக்குங்க. சுத்தியல் மாதிரித் தலையுள்ள கொம்பன் சுறா பட்டாலும் நான் உடனே வெட்டி விட்டிருவன், அது இழுபட்டுக் களைச்சா விட்ட பிறகும் செத்துப்போற சாதி. சுறா எண்டுறது சூடை மாதிரி இல்ல, பெருக வருசக்கணக்காகும், குட்டியும் கொஞ்சம்தான், பிடிக்கிறத அளவோட பிடிச்சாத்தான் நம்மட புள்ளயளுக்கும் வறை கிடைக்கும்.

சாமான். சுறா பல்லால மட்டும் நூல அறுக்கிறல்ல, தோலாலயும் அறுக்கும், தோல் அரத்தாள் மாதிரி, வால் பட்டாலே சாதாரணத் தங்கூசி, அதாவது நைலோன் நூல், போயிடும். அதனால ஹூக்குக்கு மேல ஒரு முழம் வயர், அதுக்கு மேல மீன்ட நீளத்தவிடக் கூடுதலா தடிச்ச தங்கூசி, ஒரு ரெண்டு மீட்டர். ஹூக் வந்து வளைஞ்ச சர்க்கிள் ஹூக், முள்ள குறட்டால நசுக்கி விடுங்க, ஸ்டெயின்லெஸ் வேணாம், சாதாரண இரும்பு எண்டா வெட்டி விட்டாலும் மீன்ட வாயில துருப்பிடிச்சு விழுந்திரும். சர்க்கிள் ஹூக்குக்கு வெடுக்கெண்டு இழுக்க ஒண்ணா, நம்மாக்களுக்கு கை துடிக்கும் தெரியும், ஆனா மீன் ஓட விட்டு மெதுவா இறுக்கினா அது தானா வாயோரத்தில மாட்டும். இரைக்கு சூரைத் துண்டு, இல்லாட்டி முழுச் சூடை. இரைய மூடின பெட்டிக்குள்ள வையுங்க, பிடிச்ச மீன கயிறு கட்டி கயாக் பக்கத்தில தொங்கப் போடுற பழக்கம் சிலருக்கு இருக்கு, அது உங்கட காலடியில சுறாவுக்குச் சாப்பாட்டுக்கடை போட்ட மாதிரி.

ரீல்ட டிராக்க, அதாவது மீன் இழுக்கக்குள்ள நூல விடுற இறுக்கத்த, எவ்வளவு வைக்கிறது எண்டு புத்தகத்தில தேடாதீங்க, இப்பிடிச் செய்யுங்க. பாசிக்குடாவில இடுப்பளவு தண்ணி நெடுகக் கிடக்கும்தானே, அங்க கயாக்ல இருந்துக்கிட்டு ராட்ட, அதாவது தூண்டில் தடிய, பிடிங்க, மச்சான் பக்கவாட்டில நிண்டு நூல இழுக்கட்டும், கயாக் சரியத் தொடங்கிற இழுவை உங்களுக்குக் கையில விளங்கும், டிராக் அதுக்கு நல்லாக் கீழ நிக்கணும். அப்பிடியே அண்டைக்கே ரெண்டு பேரும் வேணுமெண்டு கவிழ்ந்து, மறுகா ஏறிப் பழகுங்க. முதல்ல கயாக்க நிமித்தி, நடுவில குறுக்கால படுத்து, கால அடிச்சு வயித்தால ஏறி, பிறகு கிறுகி இருக்கிறது. நிலம் எட்டாத ஆழத்திலயும் அஞ்சு தரம் ஏற ஏலுமெண்டாத்தான் தூண்டில எடுக்கலாம். வாவிக்குள்ள பழகுவம் எண்டு நினைச்சா முதலை இருக்கிற பக்கங்கள் இருக்கு, பார்த்து.

லைஃப் ஜாக்கெட் போடுங்க, பின்னால கட்டி வைக்காதீங்க. கடலில பிறந்த நமக்கெதுக்கு எண்டு என்ட மாமாவும் சொன்னார், நீந்தத் தெரிஞ்சவனும் கயாக்க காத்துக் கொண்டுபோச்செண்டா அதப் பிடிக்க ஏலாது. துடுப்ப கயாக்கோட ஒரு கயித்தால கட்டுங்க. நூல மட்டும் கையில, காலில சுத்தக்கூடாது, கைத்தூண்டில் பழக்கம் உள்ளாக்கள் விரல்ல சுத்துவாங்க, மறந்தே செய்வாங்க. கத்தி நெஞ்சில, ஜாக்கெட்டிலயே, ஒரு கையால இழுத்து எடுக்கிற மாதிரி. விசில் பக்கத்தில. ஃபோன் தண்ணி போகாத உறையில, உடம்போட. நங்கூரம் போடுறதெண்டா மூக்கில இல்லாட்டி பின்பக்கம், பக்கவாட்டில ஒரு நாளும் வேணாம், கயித்துத் தலைப்பில ஒரு மிதவையும் கிளிப்பும் வச்சா மீன் பட்டவுடன கிளிப்பக் கழட்டி விட்டுட்டுப் போய் பிறகு வந்து எடுக்கலாம்.

பட்டவுடன ராட்ட கயாக் மூக்குப் பக்கம் திருப்புங்க. மீன் உங்கள முன்னால இழுத்துப் போனா பயமில்ல, கயாக் ஓடிக்கிட்டே அதக் களைக்கப் பண்ணும், பக்கவாட்டில இழுத்தாத்தான் கவிழும். கவிழப்போகுது எண்டா ராட்ட விடுங்க, காசுதான். போக முன்னமே கரையில வச்சு ஒரு எல்லை பேசிக்கொள்ளுங்க, நாங்க பேசினது இது: டவர் அந்தத் தென்னைக்கு இந்தப்பக்கம் வந்திட்டா, இல்லாட்டி பதினைஞ்சு நிமிசம் தாண்டினா, மீன் எவ்வளவு பெருசெண்டாலும் வெட்டு. கடலில வச்சு முடிவெடுக்கப் போனா மனசு விடாது. ரெண்டு கயாக்கா போறதும் இதுக்குத்தான், மத்தவன் தூண்டில சுத்தி வச்சிட்டு உங்களப் பார்த்துக்கிட்டு நிக்கணும், ஃபோட்டோ எடுத்துக்கிட்டில்ல.

பக்கத்தில வந்த பிறகுதான் கை கவனம். மூண்டரை அடிக்கு மேல எண்டா நான் மேல ஏத்துறல்ல, வயர் கிட்ட வர வெட்டி விட்டிருவன். சின்னதெண்டா தடிச்ச கையுறை போட்டு, ஒரு கை தலைக்குப் பின்னால, மத்தக் கை வாலுக்கு முன்னால, ரெண்டும் ஒரே நேரத்தில. வாலில மட்டும் பிடிச்சுத் தூக்காதீங்க, அதுக்கு எலும்பில்ல, குருத்துத்தான், அப்பிடியே வளைஞ்சு வாலப் பிடிச்ச கையக் கடிக்கும். நான் செய்யிறது நனைச்ச சாக்கொண்ட தலைப்பக்கமா மாட்டி, மண்டையில கட்டையால ரெண்டு தட்டு, பிறகுதான் காலுக்கிடையில எடுக்கிறது. கடிச்சாலோ ஹூக் ஆழமா ஏறினாலோ பிடுங்கிப் பார்க்காதீங்க, துணிய வச்சு இறுக்கி அமத்திக்கிட்டு கரைக்கு வாங்க, 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும், மற்ற கயாக்ல இருக்கிறவன் வரக்குள்ளயே அடிக்கட்டும்.

ஒண்டு பட்டா அண்டைக்கு வேலை முடிஞ்சுது. ரத்தத்த கடலில வச்சு விடாதீங்க, ஐஸ் பெட்டிக்குள்ள போட்டு நேரா கரைக்கு வந்து, அங்க சுறுக்கா வெட்டி ரத்தமும் குடலும் எடுங்க, சுறா இறைச்சியில யூரியா இருக்கு, வெயிலில கிடந்தா அமோனியா மணம் அடிக்கத் தொடங்கிரும், பிறகு எவ்வளவு புளி போட்டாலும் போகாது. வீட்ட கொண்டு வந்து மஞ்சள் போட்டு அவிச்சா தோல் தானா உரியும், பிறகு உதிர்த்து, தேங்காய்ப்பூ, பச்சமிளகாய், வெங்காயம், கருவேப்பில போட்டு வறை. என்ட தங்கச்சிக்கு போன பங்குனியில மகன் பிறந்தவன், அவளுக்குக் கொண்டு போன பால்சுறா ரெண்டரையடி கூட இல்ல. அம்மா சட்டிக்குள்ள பார்த்திட்டு, இதுக்காடா விடிய நாலு மணிக்கு எழும்பிப் போனாய் எண்டா.