உள்ளே மீன் நிறைய இருந்தால் போதுமா? கடல் பாதுகாப்புப் பகுதிகளை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸில் செபு தீவின் தென்கிழக்குக் கரைக்கு எதிரே சுமிலோன் என்றொரு குட்டித் தீவு. டுமகேட்டே நகரின் சில்லிமன் பல்கலைக்கழகம் எடுத்த முயற்சியால், 1974-இல் அந்தத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் ஏறத்தாழ கால் பங்கில் மீன்பிடி நிறுத்தப்பட்டது. மீதி முக்கால் பங்கில் மீனவர்கள் வழக்கம்போலப் பிடித்து வந்தார்கள். 1984-இல் காவல் தளர்ந்தது. மூடிக் கிடந்த கால் பங்கிலும் வலை இறங்கியது.

பிடிக்க இடம் கூடியிருக்கிறது. பிடியும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? ஏஞ்சல் அல்காலா, கேரி ரஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-84 பிடியையும் 1985-86 பிடியையும் ஒப்பிட்டார்கள். தீவு முழுவதற்குமான மொத்தப் பிடி 54 விழுக்காடு சரிந்திருந்தது. அந்தக் கால் பங்குதான் மற்ற முக்கால் பங்குக்கும் மீன் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

இந்தக் கதையோடு தொடங்கக் காரணம் உண்டு. கடல் பாதுகாப்புப் பகுதி பலன் தருகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள்: உள்ளே மீன் மொய்க்கிறது, வெளியே வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் பொய்யில்லை. ஆனால் மீன் இனம் நிலைத்து நிற்கிறதா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அந்த இடத்தை மூடாமல் விட்டிருந்தால் இன்று அங்கே என்ன இருந்திருக்கும்? அளக்க வேண்டியது அதைத்தான்.

மூடிய பிறகு எண்ணத் தொடங்குவது

என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது இதுதான். பின்னால் சரிசெய்ய முடியாததும் இதுதான். பாதுகாக்க இடம் தேடும்போது எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுப்போம்? பவளம் செழித்த, நீரோட்டம் நல்லா உள்ள, ஏற்கெனவே மீன் அதிகமுள்ள பாறையைத்தான். இல்லாவிட்டால் யாரும் போகாத, அதனால் யாரும் எதிர்க்காத தொலைவான பாறையை. பத்து வருடம் கழித்து உள்ளேயும் வெளியேயும் எண்ணினால் உள்ளே அதிகம் இருக்கத்தான் செய்யும். அது பாதுகாப்பால் வந்ததா, முதலிலேயே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரே அளவு பரப்பில் உள்ளே 100 கிலோ மீன் 150 ஆகிறது. வெளியே 80 கிலோ 120 ஆகிறது. இரண்டுமே ஒன்றரை மடங்கு. நல்ல மழை, நல்ல குஞ்சு வரத்து என்று வேறு ஏதோ காரணம். பாதுகாப்பின் பங்கு அதில் தெரியவில்லை. இன்னொரு இடத்தில் உள்ளே 100 கிலோ 90 ஆகக் குறைகிறது. வெளியே 80 கிலோ 40 ஆகிறது. உள்ளே குறைந்துவிட்டது என்று சொல்லி இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவார்கள். உண்மையில் பாதுகாப்பு வேலை செய்த இடம் இதுதான். முன், பின், உள்ளே, வெளியே ஆகிய நான்கு எண்களும் கையில் இருந்தால்தான் இந்த வித்தியாசம் புரியும்.

வெளியே எந்த இடத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். அதே ஆழம், அதே அலை வேகம், அதே மாதிரிப் பவளம் இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் இது லேசான காரியமில்லை. 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுப்பது அதற்குப் பிறகும் பல வருடம் நடந்தது. 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் கடல் சூடேறிப் பவளம் பெருமளவில் வெளிறியது. இவ்வளவும் கலந்து கிடக்கும் இடத்தில், மீன் குறைந்ததற்கு வலையைக் குற்றம் சொல்வதா, வெப்பத்தைக் குற்றம் சொல்வதா, பழைய வெட்டைக் குற்றம் சொல்வதா?

அதனால் மீனை எண்ணும் அதே நாளில் உயிருள்ள பவளம் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் பவளம் அழிந்தபோது, பாறைமீன் இனங்களில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணிக்கையில் குறைந்தன. பாதி இனங்கள் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போயின. பாதுகாப்புப் பகுதிக்குள்ளும் இதே கதைதான் என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. மீன்பிடியைத் தடுக்கிற வேலி வெந்நீரைத் தடுக்காது. பவளக் கணக்கு இல்லாமல் மீன் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, காவலர்கள் சரியில்லை என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

தலையை எண்ணிவிட்டு எடையை விடுவது

கணக்கெடுப்பு தண்ணீருக்கடியில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒருவர் 50 மீட்டர் டேப்பைப் பாறைமேல் விரித்துக்கொண்டே மெல்ல நீந்துகிறார். கையில் எழுதுபலகை, பென்சில். டேப்பையொட்டி 5 மீட்டர் அகலத்துக்குள் தென்படும் மீனின் இனத்தையும் நீளத்தையும் கண்ணால் மதிப்பிட்டுக் குறிக்கிறார். பாரை, களவா போன்ற பெரிய மீன்கள் ஆளைப் பார்த்தால் நகர்ந்துவிடும். அதனால் டேப்பை விரிக்கும்போதே அவற்றை எண்ணிவிட வேண்டும். பவளக் கிளைக்குள் ஒளிகிற பொடிமீன்களைத் திரும்பி வரும்போது எண்ணலாம். டேப்பை விரித்து முடித்துவிட்டு நிதானமாக எண்ணத் தொடங்குபவர் பெரிய மீன்களைத் தவறவிடுவார். நாம் தேடுவதே அந்தப் பெரிய மீன்களைத்தான்.

நீளத்தில் இன்னொரு வம்பு. நீருக்குள் முகக்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 செ.மீ. களவா 40 செ.மீ. போலத் தோன்றும். மீனின் எடை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிப் போகும். ஆக 10 செ.மீ. பிசகினால் எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதனால்தான் கணக்கெடுப்புக்கு முன்னால், நீளம் தெரிந்த பிளாஸ்டிக் மீன் உருவங்களைத் தண்ணீருக்குள் வைத்து, கண் பழகும்வரை பயிற்சி எடுக்கிறார்கள். இதைச் சடங்கு என்று நினைத்துத் தவிர்ப்பவரின் எண்களை நான் நம்பமாட்டேன்.

தலையை மட்டும் எண்ணுவது ஏன் போதாது? 61 செ.மீ. நீளமுள்ள ஒரே ஒரு பெண் சிவப்பு ஸ்னாப்பர் இடும் முட்டை, 42 செ.மீ. நீளமுள்ள 212 பெண் மீன்கள் இடும் முட்டைக்குச் சமம். நூறு சின்ன மீன் உள்ள பாறையும் பத்துப் பெரிய மீன் உள்ள பாறையும் அடுத்த தலைமுறைக்கு ஒன்றல்ல. களவாக்களில் பல இனங்கள் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்த பிறகு ஆணாக மாறுகின்றன. பெரிய களவாவைத் தேடித் தேடிப் பிடித்தால் முதலில் காலியாவது ஆண் மீன்கள்.

அப்புறம் பயம். ஈட்டித் துப்பாக்கியோடு ஆள் இறங்கிப் பழகிய பாறையில், ஸ்கூபா என்ற மூழ்கு சுவாசக் கருவியின் குமிழிச் சத்தம் கேட்டதுமே மீன் ஓடிவிடும். பாதுகாப்புப் பகுதிக்குள் அதே இனம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இருப்பது சமமாக இருந்தாலும் எண்ணுவது சமமாக இராது. குவாம் தீவில் குமிழி வராத சுவாசக் கருவியோடு இறங்கி எண்ணியபோது, வழக்கமான ஸ்கூபா கணக்கு மீன்பிடிப் பகுதிகளில் மீனைக் குறைத்துக் காட்டுவது தெரிந்தது. அந்தக் கருவி விலை அதிகம். இரையோடு கேமராவைக் கடலடியில் வைத்துவிட்டு ஆள் விலகிக்கொள்வதும் ஒரு வழி. அதிலும் குறை உண்டு, ஆனால் அந்தக் குறை வேறு மாதிரியானது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஒரு பானை, ஒரு சோறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரி, பவளப்பாறையில் சரிப்படாது. பாரைக் கூட்டம் ஒன்று டேப்பைக் கடந்து போனால் அன்றைய சராசரியே தலைகீழாகும். பௌர்ணமியை ஒட்டிச் சில களவா இனங்கள் முட்டையிட ஓரிடத்தில் ஒன்றுகூடும். அன்று எண்ணினால் திருவிழா, அடுத்த வாரம் எண்ணினால் வெறும் பாறை. ஒவ்வொரு வருடமும் அதே மாதம், அதே நிலவு நாள், அதே நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பாதுகாப்புப் பகுதிக்குள் இருபது டேப் விரித்தாலும் அது ஒரு பகுதியின் கணக்குதானே தவிர, இருபது பகுதிகளின் கணக்கு ஆகாது.

காகிதக் கோட்டைக் கடலில் தேடுவது

வரைபடத்தில் கோடு போட்டதாலேயே அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டு, பலன் இல்லை என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது. 2014-இல் உலகெங்கும் 87 பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு ஐந்து அம்சங்களைப் பார்த்தது: மீன்பிடிக்கு முழுத் தடை, உண்மையான காவல், 10 வருடத்துக்கு மேற்பட்ட வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, ஆழ்கடலோ மணலோ சூழ்ந்து தனித்திருப்பது. 59 விழுக்காடு இடங்களில் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருந்தன. அந்த இடங்களுக்கும் மீன்பிடி நடக்கும் இடங்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே, இரவில் எத்தனை படகு உள்ளே வருகிறது, யார் தடுக்கிறார்கள் என்பதும் மீன் எண்ணிக்கைக்குச் சமமான தரவு.

வயதைப் பொறுத்தவரை அவசரம் கூடாது. மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1999 முதல் 2009 வரை மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு கூடியது. எல்லா இடத்திலும் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. சுமிலோனுக்கு அருகிலுள்ள ‘அப்போ’ என்ற தீவில் 1982 முதல் ஒரு பகுதி மூடப்பட்டிருக்கிறது. அங்கே வேட்டையாடும் பெரிய மீன்கள் முழுமையாக மீள 40 வருடம் ஆகும் என்று ரஸ்ஸும் அல்காலாவும் கணித்தார்கள். மூன்று வருடத் திட்ட நிதி தீர்ந்ததும் இறுதி அறிக்கை எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அப்போவில் 2011, 2012 புயல்கள் அந்த மூடிய பகுதியின் பவளத்தையே நொறுக்கிப்போட்டன என்பதையும் சேர்த்துத்தான்.

எல்லைக்கு வெளியே பார்க்காமல் விடுவது

ஓரிடத்தை மூடினால் அங்கே பிடித்துக்கொண்டிருந்த படகுகள் காற்றில் கரைந்துவிடுவதில்லை. பக்கத்துப் பாறைக்குப் போகின்றன. அதனால் பக்கத்துப் பாறை மெலிகிறது, உள்ளே இருப்பது இன்னும் செழிப்பாகத் தெரிகிறது. மறுபக்கம், நன்மையும் வெளியேதான் போகிறது. ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் மீன்குஞ்சுகளின் மரபணுவை வைத்துத் தாய் தகப்பனைத் தேடினார்கள். அங்குள்ள பாறைப் பரப்பில் 28 விழுக்காடுதான் மூடப்பட்டிருந்தது. ஆனால் 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி, அந்த மூடிய பாறைகளின் பிள்ளைகள். டேப்பும் எழுதுபலகையும் இதைக் காட்டியிருக்கவே முடியாது.

மரபணு ஆய்வுக்கு எல்லோரிடமும் பணம் இருக்காது. சுமிலோனில் விடை கிடைத்தது கரைக்கு வந்த பிடியை எழுதி வைத்ததால்தான்: கைத்தூண்டிலில் எவ்வளவு, மீன்பொறிக் கூட்டில் எவ்வளவு, வலையில் எவ்வளவு, எத்தனை ஆள் எத்தனை நேரம் உழைத்து. இடத்தை மூடுவதற்கு இரண்டு வருடம் முன்பே அப்படியொரு நோட்டைத் திறந்து, படகு கரையேறும் இடத்தில், பிடிக்கிறவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.