திரொம்சோவில் இருந்து கிர்க்கனஸ் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

அக்கா கிர்க்கனஸில், நான் திரொம்சோவில். இரண்டும் நோர்வேயின் வட அந்தத்தில் உள்ள ஊர்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கே போக எவ்வளவு நேரம் செல்லும்?" ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

முதலில், சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிமட்டம் வைக்காதீர்கள். அந்தப் படம் 70 பாகைக்குக் கிட்ட எல்லாவற்றையும் ஏறக்குறைய மூன்று மடங்கு இழுத்துக் காட்டும். அதைப் பார்த்துத்தான் என் பெரியம்மா ஒரு முழுநாள் பயணம் என்று பயந்துபோனார்.

இரண்டு ஊரின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். விமான நிலையங்களை எடுத்தால், இரண்டும் 69.7 பாகை வடக்கில்தான். நெடுங்கோட்டில் திரொம்சோ 18.9, கிர்க்கனஸ் 29.9. வித்தியாசம் 11 பாகை.

நிலநடுக்கோட்டில் ஒரு பாகை 111 கிலோமீற்றர். வடக்கே போகப் போக நெடுங்கோடுகள் ஒன்றை ஒன்று நெருங்கும். எவ்வளவு நெருங்கும் என்பதை அகலக்கோட்டின் கோசைன் சொல்லும். 69.7க்கு அது 0.347. அப்போ இங்கே ஒரு பாகை 38.5 கிலோமீற்றர் மட்டுமே. 11ஆல் பெருக்கினால் 424. அவ்வளவுதான் வான்வழித் தூரம்! தெருவால் பின்லாந்துக்குள் புகுந்து போனால் சுமார் 800 கிலோமீற்றர், பின்லாந்து நேரம் முன்னால் ஓடுவதால் நடுவில் மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் கூட்டிக் குறைக்க வேண்டும்.

இனி நேரம். இங்கே ஓடுவது பெரும்பாலும் டாஷ் 8 என்ற விசிறி விமானம், மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர். 424ஐ வகுத்தால் 51 நிமிடம். ஓடுபாதையில் உருள, மேலே ஏற, இறங்க இன்னும் 20, 25 நிமிடம் சேர்ப்பேன். ஆக நேரடி விமானம் என்றால் ஒன்றே கால் மணித்தியாலம்.

ஆனால் டிக்கெட்டில் "நேரடி" என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கணக்கு பிழைப்பது அநேகமாக இங்கேதான். சில சேவைகள் ஹம்மர்ஃபெஸ்ட், வாட்சோ என்று பேருந்து போல நின்று நின்று போகும். அங்கெல்லாம் ஓடுபாதை 800 மீற்றர் அளவுதான், ஜெட் இறங்காது. ஒவ்வொரு தரிப்புக்கும் நான் 35 நிமிடம் கூட்டுவேன். ஒரு தைமாதம் ஹம்மர்ஃபெஸ்டுக்கு மேலே காற்று எங்களை இரண்டு முறை சுற்ற வைத்தது. ஜன்னலுக்கு வெளியே விசிறியும் வெண்பனியும் தவிர எதுவும் தெரியவில்லை. கடைசியில் இறங்காமலே அடுத்த ஊருக்குப் போனோம். குளிர்காலத்தில் தொடர்விமானம் இருந்தால் இடையில் மூன்று மணித்தியாலமாவது விடுங்கள்.

வடக்கு–தெற்காகப் போவதென்றால் கோசைன் வேண்டாம், எங்கேயும் ஒரு பாகை 111 கிலோமீற்றர்தான். நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்இயர்பியன் 78.2, திரொம்சோ 69.7. வித்தியாசம் 8.5 பாகை, 111ஆல் பெருக்கினால் 944. நெடுங்கோட்டின் சின்ன வித்தியாசத்தோடு 950ஐக் கொஞ்சம் தாண்டும். இது ஜெட் பாதை: மணிக்கு 800 என்று வைத்து அரை மணித்தியாலம் சேர்த்தால் ஒரு மணி 40 நிமிடம் வரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்கு, வெளியே. கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும், விசாவில் வருபவர்களுக்கு இருமுறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் திரும்பி வரும்போது திரொம்சோவுக்குள் நுழைய முடியாது.